கூலிங் கிளாஸ் எவ்வளவு வெளிச்சம் விடுகிறது? வீட்டிலேயே அளந்து ஒப்பிட ஒரு வழிகாட்டி

கண்ணாடிக் கடையில் பவர் போட்டுக் கூலிங் கிளாஸ் செய்யக் கொடுத்தால், "டிண்ட் எவ்வளவு சார் போடட்டும், எண்பதா எண்பத்தஞ்சா?" என்று கேட்பார்கள். அதே கடையில் ரெடிமேடாகத் தொங்கும் பிராண்டு கண்ணாடியின் அட்டையில் 15 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். புதிதாக வாங்குகிறவர் 85 என்றால் நல்ல கறுப்பு, 15 என்றால் லேசான நிறம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டும் ஒரே அளவு கறுப்புதான். கடைக்காரர் சொன்னது லென்ஸ் நிறுத்திவைக்கும் வெளிச்சம், அட்டை சொன்னது லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம்.

நான் இங்கே எழுதப்போவது முழுக்க இரண்டாவதைப் பற்றித்தான். வி.எல்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், அதாவது விசிபிள் லைட் ட்ரான்ஸ்மிஷன். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு லென்ஸைக் கடந்து வருகிறது என்ற கணக்கு. எண் சின்னதாக ஆக ஆக லென்ஸ் கறுப்பு. கடையில் யாராவது எண் சொன்னால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "அண்ணே, இது விடுற வெளிச்சமா, தடுக்கிற வெளிச்சமா?"

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், சில வருடம் முன்பு ஒரு மே மாத மதியம் பைக்கில் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதைக்குள் இறங்கினேன். போட்டிருந்த கண்ணாடி, "கறுப்பா இருந்தாத்தான் சார் கண்ணுக்கு நல்லது" என்று ஒரு கடையில் சொல்லி விற்றது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த அந்த இரண்டு மூன்று வினாடி எனக்கு முன்னால் சைக்கிளில் போன பெரியவர் தெரியவே இல்லை. அவருடைய கேரியரில் என் முன்சக்கரம் இடித்து, அவர் காலை ஊன்றி நின்றார். யாருக்கும் அடியில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கண்ணாடியை அளந்து பார்த்தால் வெறும் 6 சதவீதம் வெளிச்சம்தான் விடுகிறது. அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒவ்வொரு கூலிங் கிளாஸையும் அளந்துவிட்டுத்தான் யாரும் வண்டி எடுக்கிறோம்.

போட்டுப் பார்த்து ஏன் கண்டுபிடிக்க முடியாது

கண் ஒரு மீட்டர் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டவுடன் கண்பாவை விரியும், விழித்திரையும் தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஒரு நிமிடத்தில் 10 சதவீதம் விடுகிற கண்ணாடியும் 20 சதவீதம் விடுகிற கண்ணாடியும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டுப் பார்ப்பதால் இன்னும் பயனில்லை. மொட்டை வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இருக்கும், அலுவலக அறைக்குள் 300 முதல் 500 லக்ஸ்தான். கடைக்குள் கும்மிருட்டாகத் தெரியும் லென்ஸ் வாசலுக்கு வெளியே சாதாரணமாகிவிடும்.

இன்னொன்று, நாம் வெளிச்சத்தை உணர்வது கழித்தல் கணக்கில் இல்லை, மடங்குக் கணக்கில். 80-லிருந்து 70-க்கு இறங்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம். 20-லிருந்து 10-க்கு இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது. இரண்டிலும் குறைந்தது பத்துதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அதனால் ஒப்பிடும்போது எப்போதும் ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்துப் பாருங்கள், கழித்துப் பார்க்காதீர்கள்.

கடையில் கையில் எதுவும் இல்லாமல் இரண்டு கண்ணாடியை ஒப்பிட வேண்டுமா? இரண்டையும் போட்டுப் பார்க்காமல், வாசலுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் பக்கம் பக்கமாகப் பிடித்து, இரண்டு லென்ஸ் வழியாகவும் தெரியும் தாளை ஒரே பார்வையில் பாருங்கள். கண் பழகிக்கொள்ள இடம் கொடுக்காத ஒரே எளிய வழி இதுதான். எது கறுப்பு என்று தெரிந்துவிடும், எத்தனை மடங்கு என்று தெரியாது. அதற்கு அளக்க வேண்டும்.

தண்டின் உட்புறத்தைப் படியுங்கள்

அளப்பதற்கு முன் காதில் மாட்டும் தண்டின் உட்புறத்தைப் பாருங்கள், அங்கே ஒரு வகை எண் இருக்கலாம். ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற தரநிலை, 2013-ல் வந்து 2022-ல் திருத்தப்பட்டது, கூலிங் கிளாஸ்களை 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வகை 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் விடும், கிட்டத்தட்ட வெள்ளைக் கண்ணாடி. வகை 1 என்றால் 43 முதல் 80. வகை 2 என்றால் 18 முதல் 43. வகை 3 என்றால் 8 முதல் 18, கடையில் கூலிங் கிளாஸ் என்று தொங்குவதில் பெரும்பாலானவை இதில்தான் வரும். வகை 4 என்றால் 3 முதல் 8, பனிமலை ஏறுபவர்களுக்கானது, வண்டி ஓட்டவே கூடாது என்று கார் படத்தின் மேல் கோடு போட்டிருப்பார்கள். ரே-பான் தண்டில் 3N, 3P என்று பார்த்திருப்பீர்கள், அந்த 3 இந்த வகை எண்தான், P என்பது போலரைஸ்டு, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் லென்ஸ். அவர்களுடைய பழைய பச்சை லென்ஸுக்கு ஜி-15 என்று பெயர் வந்ததும் அது 15 சதவீதம் வெளிச்சம் விடுவதால்தான்.

வகை எண் போதுமே, எதற்கு அளப்பது என்று கேட்கலாம். வகை 3-க்குள் 8-ம் இருக்கிறது, 18-ம் இருக்கிறது. இரண்டிலும் 3 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் விடும். அப்புறம் நடைபாதையில் வாங்கியவற்றில் அச்சிட்டிருப்பதை நம்ப முடியாது, பவர் போட்டுச் செய்தவற்றில் எதுவுமே அச்சிட்டிருக்காது. சாதாரண பிளாஸ்டிக் பவர் லென்ஸைச் சூடான சாயத்தில் முக்கித்தான் நிறம் ஏற்றுகிறார்கள். எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு கறுப்பு, சாயம் பழசா புதுசா என்பதற்கு ஏற்பவும் மாறும், அதனால் கடைக்காரர் கணக்கில் தடுப்பது 80 என்று கேட்டு 88 வருவது பெரிய ஆச்சரியமில்லை.

அளக்க என்ன வேண்டும்

ஆண்ட்ராய்டு ஃபோன், அதில் ஏதாவது ஒரு லக்ஸ் மீட்டர் ஆப், ஒரு கறுப்பு சார்ட் பேப்பர், எலக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப், ஒரு நோட்டு, பேனா. ஐஃபோன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கீழே இருக்கும் கேமரா முறைக்குப் போய்விடுங்கள்.

வெளிச்சம் எங்கே எடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். டியூப்லைட்டும் எல்.இ.டி. பல்பும் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரியும், மீட்டர் எண் குதித்துக்கொண்டே இருக்கும். நேர் வெயிலில் வைத்தால் பல ஃபோன்களின் சென்சார் உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும், அப்போது வகுத்து வரும் விடை தப்பு. லேப்டாப் திரையை வெள்ளையாக்கி அதன் முன் அளக்கலாம் என்று தோன்றும், அதுவும் வேண்டாம், எல்.சி.டி. திரையின் வெளிச்சம் ஏற்கெனவே போலரைஸ் ஆகி, அதாவது ஒரே திசையில் அதிர்ந்து வருவது, போலரைஸ்டு லென்ஸின் எண் தப்பாக வரும். நீல வானத்துக்கும் இதே குறை கொஞ்சம் உண்டு. நல்ல இடம், வீட்டுத் திண்ணையிலோ பால்கனியிலோ நிழலில் இருந்துகொண்டு, எதிரே வெயில் விழுகிற வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி. மேகம் ஓடாத நேரமாக இருக்கட்டும்.

லக்ஸ் ஆப் முறை

ஒன்று. சென்சார் எங்கே என்று கண்டுபிடியுங்கள். முன்பக்கம் பேசும்போது காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். விரல் நுனியால் ஒவ்வொரு இடமாக மூடிப் பாருங்கள், எங்கே மூடினால் ஆப்பில் எண் பூஜ்யத்துக்குப் போகிறதோ அதுதான் இடம்.

இரண்டு. சார்ட் பேப்பரை ஒரு அங்குல உயரத்துக்குச் சின்னக் குழாய் போலச் சுருட்டி, சென்சாரைச் சுற்றி நிற்கும்படி டேப்பால் ஒட்டுங்கள். இது இல்லாவிட்டால் வளைந்த லென்ஸின் ஓர இடைவெளி வழியாக வெளிச்சம் புகுந்து, 10 சதவீத லென்ஸ் 20 சதவீதம் என்று காட்டும். முதல்முறை அளப்பவர்களின் எண் ஒத்துவராமல் போவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

மூன்று. ஃபோனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, சுவரைப் பார்க்கும்படி அசையாமல் நிறுத்துங்கள். இதற்கு மேல் ஃபோன் நகரவே கூடாது, லென்ஸ் மட்டும்தான் வரும், போகும். நீங்களும் ஒரே இடத்தில் நில்லுங்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்தால்கூட எண் மாறும்.

நான்கு. லென்ஸ் இல்லாமல், குழாய் மட்டும் இருக்கும்போது எண்ணை எழுதுங்கள். பிறகு லென்ஸின் கண் பக்கம் ஃபோனைப் பார்க்கும்படி குழாய் வாயில் வைத்து எழுதுங்கள். பிறகு மறுபடி லென்ஸ் இல்லாமல். முதலும் கடைசியும் ஒத்துப்போனால் சரி, நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் வெளிச்சம் மாறிவிட்டது, திரும்ப எடுங்கள்.

ஐந்து. வகுங்கள். லென்ஸ் இல்லாமல் 12,000, லென்ஸ் வைத்து 1,800 என்றால், 1,800-ஐ 12,000-ஆல் வகுத்தால் 0.15, அதாவது 15 சதவீதம். உங்கள் ஃபோன் காட்டும் லக்ஸ் எண் உண்மையில் 12,000-தானா என்று கவலைப்பட வேண்டாம். அது எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் வகுக்கும்போது அந்தப் பிழை அடிபட்டுப் போய்விடும்.

இடது, வலது இரண்டு லென்ஸையும் அளங்கள். மேலே கறுப்பாகவும் கீழே வெளிர்ந்தும் வரும் கிரேடியன்ட் லென்ஸ் என்றால் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில். மைனஸ் பவர் போட்ட பழைய நிறக் கண்ணாடி லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஓரத்தையும் அளந்து பாருங்கள், அவற்றில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே கலந்திருப்பதால் தடிமன் கூடுகிற ஓரம் நடுப்பகுதியைவிடக் கறுப்பாக இருக்கும்.

உங்கள் அளவு சரியா என்று சோதிக்க

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஃபோட்டோ ஃபிரேமில் இருக்கும் சாதாரண வெள்ளைக் கண்ணாடித் துண்டு ஒன்றை நன்றாகத் துடைத்து அளங்கள். ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத வெளிச்சம் திரும்பிவிடும், இரண்டு பரப்பு, ஆக 90 முதல் 92 வரை வர வேண்டும். 75 வந்தால் எங்கேயோ நிழல் விழுகிறது, 99 வந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் கசிகிறது.

அடுத்த சோதனை, போலரைஸ்டு இல்லாத இரண்டு சாம்பல் நிற லென்ஸை எடுத்துத் தனித்தனியே அளந்து, பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து அளங்கள். 40-ம் 30-ம் என்றால் சேர்த்து வைக்கும்போது 12-க்கு அருகில் வர வேண்டும், ஏனென்றால் 0.4 பெருக்கல் 0.3 என்பது 0.12. வந்தால் உங்கள் ஏற்பாட்டை நம்பலாம்.

சாயம் ஏற்றிய லென்ஸில் ஒரு சிக்கல் உண்டு. பல சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறுத்தினாலும் அகச்சிவப்புக் கதிரைத் தாராளமாக விட்டுவிடும். சில ஃபோன் சென்சார்கள் அதையும் வெளிச்சமாக எண்ணிவிடும், வெயில் வெளிச்சத்தில் அகச்சிவப்பு நிறையவே இருப்பதால் விடை கூடுதலாக வரும். கண்ணுக்கு நல்ல கறுப்பாகத் தெரிகிற லென்ஸ் 30 சதவீதம் என்று வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள், கேமராவால் ஒருமுறை சரிபாருங்கள். கேமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும்.

கேமரா முறை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஃபோன் கேமராவில் ப்ரோ மோடுக்குப் போங்கள், ஐஃபோனில் அதற்கென்று தனி ஆப் போட்டுக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. எண் (இங்கே தரநிலை இல்லை, கேமராவின் ஒளி உணர்திறன்) தானாக மாறாதபடி வையுங்கள், ஃபோகஸையும் ஒயிட் பேலன்ஸையும் கையால் பூட்டிவிடுங்கள். சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாள் படம் முழுக்க நிறைகிற மாதிரி வைத்து, ஷட்டர் (கேமரா ஒளியைச் சேர்க்கும் நேரம்) 1/1000 வினாடியில் இருக்கும்போது தாள் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் தெரியும்படி ஐ.எஸ்.ஓ. எண்ணை அமைத்து ஒரு படம் எடுங்கள், அதன் பிறகு அந்த எண்ணை மாற்றாதீர்கள். இப்போது லென்ஸைக் கேமரா மேல் ஒட்டி வைத்து, தாள் அதே சாம்பல் நிறத்துக்கு வரும்வரை ஷட்டரை மெதுவாக்கிக்கொண்டே வாருங்கள். ஃபோன் கேமராவில் ஒளி புகும் துளை பெரும்பாலும் மாறாத அளவு என்பதால் ஷட்டர் நேரம் மட்டும்தான் கணக்கு.

1/1000-ல் தொடங்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, வகுக்கவே வேண்டியதில்லை. 1/200-ல் ஒத்துவந்தால் 20 சதவீதம், 1/160-ல் வந்தால் 16, 1/100 என்றால் 10, 1/80 என்றால் 8. கீழே இருக்கும் எண்ணைப் பத்தால் வகுத்தால் விடை. ஷட்டர் படிகளுக்கு நடுவில் விழும் அளவுகளைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது, நூற்றுக்கு 20, 25 அளவுக்குப் பிசகு வரலாம். 8 சதவீத லென்ஸா 16 சதவீத லென்ஸா என்று பிரித்துப் பார்க்க இது தாராளமாகப் போதும்.

போலரைஸ்டு லென்ஸ் அளக்கும்போது

போலரைஸ்டு லென்ஸ் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு, குறுக்கே வருவதை நிறுத்தும். அதனால் சாதாரண வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அதால் விடவே முடியாது. போலரைஸ்டு என்று விற்கும் லென்ஸ் 70 சதவீதம் காட்டினால் அது போலரைஸ்டு இல்லை.

அளக்கும்போது லென்ஸை ஒருமுறை நேராகவும் ஒருமுறை 90 டிகிரி திருப்பியும் வைத்து எண் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் நல்லது. பெரிய வித்தியாசம் வந்தால் உங்கள் வெளிச்சமோ ஃபோனோ போலரைஸ் ஆகியிருக்கிறது. சில ஓ.எல்.இ.டி. ஃபோன்களில் சென்சார் திரைக்கு அடியில் இருக்கும், அந்தத் திரையின் மேலேயே ஒரு போலரைசர் படலம் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஃபோனில் போலரைஸ்டு லென்ஸுக்குக் கேமரா முறையே போதும்.

இன்னொரு விஷயத்தை எந்த மீட்டரும் சொல்லாது. போலரைஸ்டு 15-ம் சாதாரண 15-ம் மீட்டரில் ஒன்றுதான், ஆனால் ராமேஸ்வரத்தில் படகில் நின்று தண்ணீரைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம். கிடைமட்டப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாகப் போலரைஸ் ஆகிவிடும், தண்ணீர்ப் பரப்போடு ஏறத்தாழ 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது கிட்டத்தட்ட முழுக்கவே ஆகிவிடும், அதைத்தான் இந்த லென்ஸ் குறிவைத்து நிறுத்துகிறது. மீனவர்களுக்கும் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டுபவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வேன், வி.எல்.டி. கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, போலரைஸ்டு வாங்குங்கள். பைக் ஓட்டுபவர்கள் மட்டும் வாங்குவதற்கு முன் வண்டியின் டிஜிட்டல் மீட்டரையும் ஹெல்மெட் வைசரையும் அதன் வழியாகப் பாருங்கள், சில திரைகள் கறுத்துவிடும், சில வைசர்களில் வானவில் பட்டைகள் தெரியும்.

கார் கண்ணாடியையும் வைசரையும் சேர்த்துப் பெருக்குங்கள்

அளந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு கார் ஓட்டப் போகக் கூடாது, கண்ணுக்கு முன்னால் கார் கண்ணாடியும் இருக்கிறது. இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதமும் வெளிச்சம் விட வேண்டும் என்கிறது. அந்தக் குறைந்தபட்ச அளவில் இருக்கும் காருக்குள் 15 சதவீதக் கூலிங் கிளாஸ் போட்டால் முன்னால் பார்க்கும்போது 10.5, பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கும்போது 7.5. அதுவே 10 சதவீதக் கண்ணாடி என்றால் முன்னால் 7, பக்கத்தில் 5. தரநிலை வகை 4-ஐ வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்வது லென்ஸை மட்டும் வைத்துத்தான். ஆனாலும் பக்கச் சந்திலிருந்து வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும் கண்ணுக்குக் கிடைப்பது அந்த 5 சதவீதம்தான் என்பதை மனதில் வையுங்கள்.

பைக்கில் இது இன்னும் கடுமை. புகை நிற வைசர் 40 சதவீதம் விடுகிறது, உள்ளே 15 சதவீதக் கூலிங் கிளாஸ் என்றால் மொத்தம் 6. நான் சுரங்கப்பாதையில் இடித்த அதே எண். வைசரைக் கழற்றி அதையும் அளங்கள். இரண்டில் ஒன்றுதான் கறுப்பாக இருக்க வேண்டும்.

நிறத்துக்கும் அளவுக்கும் தொடர்பு இல்லை

சாம்பல், பழுப்பு, பச்சை எல்லாவற்றிலும் 15 சதவீதமும் உண்டு, 40 சதவீதமும் உண்டு. மாறுவது எந்த நிற ஒளியை அதிகம் நிறுத்துகிறது என்பதுதான். சாம்பல் எல்லா நிறத்தையும் ஏறத்தாழச் சமமாகக் குறைப்பதால் சிக்னல் விளக்கும் புடவை நிறமும் மாறாமல் தெரியும். பழுப்பும் ஆம்பரும் நீலத்தைக் கூடுதலாகக் குறைப்பதால் சாலையில் மேடு பள்ளம் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும், கொடைக்கானல் மலைப்பாதைக்கு நான் 35 சதவீதம் விடும் பழுப்பைத்தான் எடுத்துப் போகிறேன். மேலே பளபளவென்று மிரர் கோட்டிங் போட்டால் அதுவும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், ஆகவே கோட்டிங்கோடு சேர்த்து அளந்ததுதான் கணக்கு.

மஞ்சள் லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இரவில் எதிர்வண்டி விளக்கு கூசாது என்று மஞ்சள் கண்ணாடிகளை விற்கிறார்கள். போட்டவுடன் எல்லாம் பளிச்சென்று தெரிவது போல ஒரு உணர்வு வரும், ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் குறைந்துதான் இருக்கிறது. 2019-ல் ஜாமா ஆஃப்தால்மாலஜி இதழில் வந்த ஆய்வில், இரவில் ஓட்டுவது போன்ற சிமுலேட்டரில் மஞ்சள் கண்ணாடி போட்டவர்களால் சாலையில் நடப்பவர்களை இன்னும் நன்றாகக் கண்டுகொள்ள முடியவில்லை. ஐ.எஸ்.ஓ. தரநிலையும் 75 சதவீதத்துக்குக் குறைவாக விடும் எந்த லென்ஸும் அந்தி நேரத்துக்கும் இரவுக்கும் வண்டி ஓட்ட ஏற்றதல்ல என்கிறது. அளந்து 75-க்குக் கீழே வந்தால், நிறம் எதுவானாலும், பொழுது சாயும்போது கழற்றிவிடுங்கள்.

கறுப்பு வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு

இதுவரை அளந்த எண் புற ஊதாக் கதிரைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. பார்வைக்கு வெள்ளையாக இருக்கும் பாலிகார்பனேட் லென்ஸ் 90 சதவீத வெளிச்சம் விட்டாலும் புற ஊதாவை ஏறக்குறைய முழுக்க நிறுத்திவிடும். நடைபாதையில் வாங்கிய 8 சதவீதக் கறுப்பு லென்ஸ் அதைத் தாராளமாக விடக்கூடும், கறுப்பால் கண்பாவை விரிந்திருக்கும்போது அது இன்னும் மோசம். அதனால் 15-ம் 30-ம் ஒப்பிடும்போது கறுப்பாக இருப்பது கண்ணை அதிகம் காக்கும் என்று நினைக்க வேண்டாம். யு.வி. 400 என்று நம்பகமாகச் சொல்லும் லென்ஸ் வேண்டும், அதாவது 400 நானோமீட்டர் வரை தடுப்பது.

வீட்டில் தோராயமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை ஒரு ரூபாய் நோட்டின் வரிசை எண் மேல் அடித்தால் அந்த எண் ஒளிரும், ரிசர்வ் வங்கி அதை ஒளிரும் மையில்தான் அச்சிடுகிறது. டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் லென்ஸை வைத்து, பக்கவாட்டிலிருந்து நோட்டைப் பாருங்கள். ஒளிர்வது நின்றுவிட்டால் நல்ல அறிகுறி. மலிவான டார்ச்சுகள் 395 நானோமீட்டர் அளவில் எரிபவை, ஐ.எஸ்.ஓ. தரநிலை புற ஊதா என்று கணக்கெடுப்பது 380 வரைதான், அதனால் நல்ல லென்ஸில்கூட லேசாக ஒளிரலாம். பளிச்சென்று எரிந்தால் அந்தக் கண்ணாடியை வெயிலுக்குப் போட வேண்டாம், நல்ல கண்ணாடிக் கடைகளில் இதற்கென்றே மீட்டர் இருக்கும், அங்கே கொடுத்துச் சரிபாருங்கள்.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ்

ஃபோட்டோக்ரோமிக் லென்ஸுக்கு ஒரே எண் கிடையாது. அறைக்குள் ஒருமுறை அளங்கள், பிறகு பத்து நிமிடம் வெயிலில் காயவிட்டு எடுத்த வேகத்தில் அளங்கள், நிழலுக்கு வந்தவுடனே வெளுக்கத் தொடங்கிவிடும். இதைக் கறுக்கவைப்பது புற ஊதாக் கதிர், வெளுக்கவைப்பது சூடு. இரண்டும் நம் ஊரில் மோதிக்கொள்கின்றன. விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் 23 டிகிரி வெப்பத்தில் அளந்தது, சித்திரை வெயிலில் 38 டிகிரியில் அந்தக் கறுப்பு வராது. ஊட்டியில் நன்றாகக் கறுக்கும் கண்ணாடி வேலூரில் அரைகுறையாக நிற்பதற்குக் காரணம் லென்ஸ் கெட்டுப்போனதல்ல. காருக்குள் இன்னொரு கதை, முன் கண்ணாடி புற ஊதாவை நிறுத்திவிடுவதால் பெரும்பாலான ஃபோட்டோக்ரோமிக் லென்ஸ்கள் அங்கே கறுக்கவே கறுக்காது. கார் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பணத்தை வேறு லென்ஸில் போடுங்கள்.

சரி, எந்த எண்ணை வாங்குவது

பலரும் அன்றைக்குப் பார்க்கப்போகும் மிக அதிக வெளிச்சத்தை நினைத்து வாங்குகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். அந்தக் கண்ணாடியோடு நீங்கள் நுழையப்போகும் மிகக் குறைந்த வெளிச்சம் எது என்று யோசியுங்கள். கடற்கரையில் நாள் முழுக்க நிற்பவருக்கு, திடலில் ஃபீல்டிங் செய்பவருக்கு 10 முதல் 15 சரி, அவர்கள் இருட்டுக்குள் நுழையப்போவதில்லை. மரநிழல், மேம்பாலத்தின் அடி, சுரங்கப்பாதை, மறுபடி வெயில் என்று ஓட்டும் நகரத்து பைக்காரருக்கு 18 முதல் 25 போதும், கூச்சம் தாங்கவில்லை என்றால் போலரைஸ்டு பாருங்கள், கறுப்பைக் கூட்டாதீர்கள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்குக் கண்பாவை இளவயதில் விரிந்த அளவுக்கு விரியாது, அப்பாவுக்கு வாங்கும்போது உங்களுக்கு வாங்குவதைவிட ஒரு படி வெளிர்நிறமாக வாங்குங்கள். கண் அறுவை செய்துகொண்டவர் என்றால் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

கிரகணத்தைப் பார்க்க இதில் எதுவும் ஆகாது, இரண்டு மூன்றை அடுக்கிப் போட்டாலும் ஆகாது. கிரகணக் கண்ணாடிக்கான ஐ.எஸ்.ஓ. 12312-2 அனுமதிப்பது அதிகபட்சம் 0.0032 சதவீதம். இருப்பதிலேயே கறுப்பான 3 சதவீதக் கூலிங் கிளாஸ் அதைவிட ஏறத்தாழ 900 மடங்கு வெளிச்சம் விடுகிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது கூலிங் கிளாஸோடு மேலே பார்த்தவர்களை நானே தடுத்தேன்.

அளந்து முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டில் எண், தேதி, போலரைஸ்டா இல்லையா என்று எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். சாயம் ஏற்றிய லென்ஸ் வெயிலிலும் கார் டேஷ்போர்டு சூட்டிலும் கிடந்து வெளுக்கும். அடுத்த வருடம் பங்குனி பிறந்ததும் அதே சுவர், அதே ஃபோன், அதே குழாய் வைத்து மறுபடி ஒருமுறை அளந்து, சீட்டில் பழைய எண்ணுக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.